இரண்டாம் வேற்றுமை

நித்திரவிளை ஸ்டேஷனில்
ராத்திரி ரைட்டர் நான்.
ஊர்ப் பேரில் மட்டும்தான் நித்திரை.

பதினொண்ணே காலுக்கு வந்தான்
வள்ளவிளை ஆன்றோ வின்ஸ், வயது இருபத்தெட்டு.
சட்டையெல்லாம் டீசல் மணம்.
இருக்கச் சொன்னேன்.
‘நிக்கியேன் மேடம். இருக்கப் பற்றாது.’
அதிலேயே பாதி விளங்கிவிட்டது எனக்கு.

மீதியைச் சுவரிடம் சொன்னான்.
முப்பத்தாறு நாள் தங்கல்.
ஸ்ராங்குக்க முறி. உள்ளே தாழ்.
எஞ்சின் சத்தத்தில்
கூப்பிட்டது மேலே கேட்டிருக்காது.
கேட்டிருந்தால்
அதற்குமேல் சொல்லவில்லை.
தண்ணீர் நீட்டினேன்.
கிளாஸ் அவன் பல்லில் தட்டித் தட்டி ஒலித்தது.

கரையிலிருந்து எத்தனை கடல்மைல்?
கேட்டேன். கேட்டே ஆக வேண்டும்.
மைலுக்குச் சட்டம் இருக்கிறது.

பிறகு அந்தப் பிரிவைத் திறந்தேன்.
‘ஓர் ஆண்’ என்று தொடங்குகிறது.
எழுவாய் சரி.
‘ஒரு பெண்ணை’ என்று போகிறது.
அங்கே நின்றுவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் ஜெசிந்தா டீச்சர்
பலகையைத் தட்டிக் கேட்பாள்:
இரண்டாம் வேற்றுமை உருபு என்ன?
ஐ, டீச்சர்.
யார் மேல் வரும்?
யார் மேலும் வரும் டீச்சர்.
மரத்தை. மீனை. அவளை. அவனை.
இலக்கணத்துக்கு
இதில் ஒரு தயக்கமும் இல்லை.

தப்பாக நினைக்க வேண்டாம்,
இந்தப் பிரிவு சும்மா வந்ததில்லை.
இதே பெஞ்சில் மார்ச் மாதம்
கருங்கல் சந்தை மரச்சீனிக்காரி ஸ்டெல்லா பாய்
நடந்ததை மூன்று பேருக்கு மூன்று தடவை சொன்னாள்.
மூன்றாவது தடவை குரலே இல்லை.
பத்து வருசத்துக்குக் குறையாது
என்கிறது அவளுக்குப் புத்தகம்.
குழித்துறை கோர்ட்டில் கேஸ்
வாய்தாவுக்கு வாய்தா நகர்கிறது.
அவளுடையதிலிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்கி
இவனுக்குக் கொடுக்க மாட்டேன்.

முந்தின வருசம் மெர்லின் வந்தாள், திருநங்கை.
அவளுக்கு வேறு சட்டம்.
உச்சம் ரெண்டே வருசம்.
‘எனக்க உடம்பு என்ன ரேஷன் விலையா அக்கா?’
என்று கேட்டுச் சிரித்தாள்.
என்னால் சிரிக்க முடியவில்லை.

பழைய புத்தகத்தில் ஒன்று இருந்தது.
விரும்பித் தொட்டவனையும்
விரும்பாதவனைத் தொட்டவனையும்
‘இயற்கைக்கு மாறாக’ என்று
ஒரே கயிற்றில் கட்டியிருந்தது.
விரும்பியவனை அவிழ்த்துவிட்டார்கள். நல்லது.
புதுப் புத்தகம் அச்சாகி வந்தபோது
மற்றவனுக்கும் கயிறு இல்லை.

இன்ஸ்பெக்டர் போனில் கொட்டாவி விட்டார்:
‘காயம்னு போடும்மா.
அடைச்சு வச்சதையும் சேத்துக்கோ.
ஒரு வருசம் வரைக்கும் வரும்.’
கொஞ்சம் விட்டு,
‘ஆம்பளதானே.’

காயம்.
வலை கட்டும்போது ஊசி குத்தினாலும் காயம்தான்,
மீன் முள் ஏறினாலும்.

அச்செடுத்துக் கொடுத்தேன்.
விரலை வைத்து வரி வரியாக வாசித்தான்.
‘நான் சொன்னது இதுல எங்க இருக்கு?’

வாங்கிக் கிழித்தேன்.
பிரிவு எழுதும் கட்டம் என் கையில் இல்லை.
வாக்குமூலம் என் கையில்தான்.
‘சொல்லுங்க ஆன்றோ.
நீங்க சொன்ன மாதிரியே அடிக்கேன்.
நான் ஒரு சொல்லும் மாத்த மாட்டேன்.’

‘என்னை’ என்றான்.
அடித்தேன்.
என். அதன் மேல் ஐ.
உருபு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

வினைச்சொல்லுக்காக
ரெண்டு பேரும் காத்திருக்கிறோம்.
திரையில் கோடு மின்னி மின்னி அணைகிறது.
வெளியே தேங்காப்பட்டணத்துக்கு
ஐஸ் வண்டிகள் போகத் தொடங்கிவிட்டன.